அப்பாவின் காலுக்குத் தந்த கிரீம்

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் அம்மா, அப்பா, அக்கா, பன்னிரண்டு வயது நான். பல வருடம் கழித்து இன்று என் கைக்கரப்பனுக்கு டொக்டர் தந்த கிரீமைத் திறந்தேன். அன்று அப்பாவின் காலுக்குத் தந்த கிரீமின் அதே மெழுகு மணம்.

வட்டையில், வயல் தண்ணீரில் நின்று நின்று அப்பாவுக்குக் காலில் கரப்பன். ஆஸ்பத்திரியில் கிரீம் தந்து, இரண்டு கிழமைதான் பூசச் சொல்லியிருந்தார்கள். பூசிய இடம் வெளுத்தது.

"காலே வெளுத்திட்டு. நீ முகத்தில பூசு புள்ள," என்று அம்மா அக்காவிடம் சொன்னார்.

அப்பாவின் மருந்துத் துண்டைக் காட்டிச் செங்கலடி மருந்துக் கடையில், முடிய முடிய நான் வாங்கி வந்தேன். அக்கா ஒரு வருடம் பூசினாள். முதலில் வெளுத்தாள். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. மேலுதட்டில் மயிர் முளைத்தது.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மீச இருக்குகா. இவளுக்கு மாப்பிள்ளை எதுக்கு?"

நானும் சிரித்தேன். அதன்பிறகு யாரும் பார்க்க வரவில்லை.

இரண்டு கிழமைக்கு மேல் பூசினால் தோல் மெலியும், மயிர் முளைக்கும் என்று சொல்லி இன்று டொக்டர் எனக்குத் தந்தது ஒரு ரியூப். நான் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது பத்தொன்பது.