கை தூக்கும் பாடம்

கிராமசபையில் எப்படிப் பேசுவது என்று ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அங்கிருப்பவர்களுக்குச் சுடுகாடு உண்டு, பாதை கிடையாது. இருந்த புறம்போக்குப் பாதையைப் பஞ்சாயத்துத் தலைவரின் சித்தப்பா தன் வயலோடு சேர்த்து நெல் நட்டுவிட்டார். பிணத்தை வாய்க்காலில் இறங்கித்தான் தூக்கிப்போக வேண்டும்.

அங்கே ஒரு அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாய்க் கிடந்தார்.

"அந்தாளு போறதுக்குள்ள பாதை வந்துரணும் டீச்சர். உசுரோட கீறசொல்ல சேத்துலயே கெடந்தாரு. செத்தும் சேத்துலதான் போவணுமா?"

அங்கன்வாடியில் ஒத்திகை வைத்தேன். நான்தான் தலைவர். கையைத் தூக்க வேண்டும், கூப்பிட்டதும் எழுந்து கோரிக்கையைச் சொல்ல வேண்டும். அக்கா பிசகாமல் செய்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கிராமசபையில் தலைவர் சோழர் காலத்துக் குடவோலையிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் பக்கம் தெருவிளக்கு திறந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அக்கா கையைத் தூக்கினார். தலைவர் மின்விசிறியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். வலித்ததும் அக்கா அடுத்த கையைத் தூக்கினார். நன்றியுரையும் முடிந்து, தேசிய கீதத்துக்கு எல்லாரும் எழுந்தபோதுதான் அந்தக் கை இறங்கியது. ஒழுங்காகக் காத்திருப்பவரைக் கூப்பிடாமல் விடுவது இவ்வளவு சுலபம் என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

நடவு முடிந்த கையோடு அக்காவின் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் பாடை போனது. அக்காவும் நானும் கரையில் நின்றோம்.

அடுத்த கிராமசபையில் அக்கா நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"போய் ஒக்காந்து கைய தூக்குமா, கூப்புடறேன்" என்றார் தலைவர்.

"அவசரம் எங்க வூட்டுக்காரருக்குத்தான் இருந்துச்சு. அவரு போயிட்டாரு. எனக்கு இன்னா அவசரம்? பாதைய அளந்து மீக்கணும்னு நீங்க எழுதற வரைக்கும் நின்னுக்கினு கீறேன்."

காலனிப் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து பக்கத்தில் நின்றார்கள். இதை நான் சொல்லித்தரவில்லை. தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு செயலரை எழுதச் சொன்னார். வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே அக்கா நகர்ந்தார்.

வெளியே வந்ததும் அழுதார்.

"அன்னிக்கே இப்டி நின்னிருந்தா அவரு காஞ்ச மண்ணுல போயிருப்பாரு, இல்ல டீச்சர்?"

ஆமாம் என்றேன்.