மேகத்துக்குக் கீழே சோலார்

நீலகிரியில் சோலார் விற்பது, பாதி வருடம் தலைமறைவாகிவிடும் ஆளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி.

பதினொரு வருடமாகக் குன்னூரில் இதுதான் என் பிழைப்பு. கூரைக்கு மேலே வெந்நீர் பேனல், கூரைக்கு அடியில் குளிர் தடுக்கும் ஷீட் என்று கரண்டையும் விறகையும் மிச்சப்படுத்தும் எதையும் மாட்டித் தருவேன். கூரை ஏறிப் பிழைக்கும் சக பாவிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மூன்று மரங்கள்

கோயமுத்தூர் ஜவுளி வியாபாரி ஒருவர் கோத்தகிரிப் பக்கம் ஓய்வு வீடு கட்டினார். மழைநீர்த் தொட்டி, மண் செங்கல், எல்லாமே சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வகை. கூரையில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் மூன்று சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழுந்தது. “பேனலைக் கார் ஷெட் மேல வெச்சுக்கலாங்க, அங்க நல்ல வெயில் இருக்கு” என்றேன். சரி என்றார்.

அடுத்த வாரம் பேனலோடு போனேன். மூன்று மரமும் இல்லை. அடிக்கட்டையில் ஈரம்கூடக் காயவில்லை. அவர் சந்தோஷமாக வந்து என் தோளைத் தட்டினார்.

“இயற்கையக் காப்பாத்தோணும்னா கொஞ்சம் செலவு பண்ணித்தானுங்க ஆகோணும்!”

ஜூலை மாத போன்

அருவங்காட்டில் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். தொடர்ந்து ஒன்பது நாள் மழை. பத்தாம் நாள் போன் செய்தார். “வெந்நி வர்லீங்களே.” வெயில் அடித்தால் வந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னேன்.

“ஏனுங்க, வெயில் அடிச்சா எனக்கு எதுக்குங்க வெந்நி?”

உறைபனி

ஊட்டி சரோஜா அம்மா கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தினமும் அவர் உடம்பைத் துடைத்துவிட வெந்நீர் வேண்டும் என்றுதான் பேனல் கேட்டார். உறைபனி விழும் மாதங்களில் சாயங்காலமே குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு காலை அவர் போன் செய்ததும் ஓடினேன். உள்ளே இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகி, பேனலின் செம்புக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. கூரை ஒழுகி நோயாளியின் கட்டிலை மூலைக்கு நகர்த்தியிருந்தார்கள். அந்த அம்மா கேஸ் அடுப்பில் குண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். “தப்பு என்னுதுங்கம்மா, சொல்லாம விட்டுட்டேன்” என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு டீ ஊற்றினார்.

“நீங்க என்னங்க பண்ணுவீங்க? அவருக்கு நல்லதுன்னு நான் எதைச் செஞ்சாலும் அது ஒடஞ்சுதான் போகுது.”

புதுக் குழாய் போட்டுக் கொடுத்தேன். போட்டு முடிப்பதற்குள் அந்த வெந்நீர் தேவைப்பட்டவரே இல்லாமல் போய்விட்டார்.

சேரம்பாடி லயம்

ஒரு டீ எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் தகரக் கூரைக்கு அடியில் வெள்ளிநிற ஷீட் அடித்தோம். குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளிகளைக்கூட நானே நின்று அடைத்தேன். அவ்வளவு கச்சிதமான வேலை என் வாழ்க்கையில் செய்ததில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். கடைசி வீட்டில் இருந்தவர் லெட்சுமி, சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். உள்ளே போனேன். விறகடுப்புக்கு நேர் மேலே, தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தியால் ஷீட்டைச் சதுரமாக அறுத்திருந்தார்கள். ஷீட் முழுக்கக் கரி. நான் அடைத்த சந்துகள் வழியாகத்தான் இத்தனை வருடம் புகை வெளியே போயிருக்கிறது. அடுப்பு எங்கே என்று நான் ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். நான் வருத்தப்படுவதைப் பார்த்து அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி, நல்ல சாமான்தான். குளிரோட இருந்துக்கலாம், புகையோட இருக்க ஏலாது.”

கூரையில் ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தபோது, உட்கார்ந்தால் எழ முடியாத அளவுக்கு என் முட்டி போயிருந்தது.