விளக்குப் பக்கத்துக் கன்னம்

தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துவது என் வேலை. பரு, தழும்பு, கருவளையம் எதுவானாலும் கேட்காமலே துடைத்துவிடுவேன். கல்யாணப் பெண்களின் அம்மாக்கள் என்னைக் கைராசிக்காரி என்பார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அத்தான், அக்காவின் கணவர், லீவில் வந்திருந்தார். கீழ்வேளூரில் கட்டிய புது வீட்டு ஹாலில் மாட்ட இருவரும் சேர்ந்த படம் வேண்டுமாம்.

"கறுப்பு வெள்ளையில, ஒவ்வொரு முடியும் தெரியணும்மா. எங்க மேனேஜர் வீட்டுல அப்படித்தான் மாட்டியிருக்காங்க."

இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கை வைத்து நானே எடுத்தேன். அக்கா பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தாள். கம்ப்யூட்டரில் பின்னணியை இருட்டாக்கினேன். பட்டுச்சேலையின் சரிகை இழை இழையாக எழுந்தது. கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பை இறக்கினால், தோலில் ஒளிந்திருக்கும் சிவப்பெல்லாம் கறுப்பாக வெளியே வரும். இறக்கினேன். அக்காவின் கன்னத்தில், பவுடருக்கு அடியிலிருந்து, நான்கு விரல்கள் வந்தன.

படத்தை அப்படியே அத்தானுக்கு அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது.

"நல்லா வந்திருக்கும்மா. கன்னத்துல அதை மட்டும் எடுத்துடு."

"எதை அத்தான்?"

"அதாம்மா, அந்த நிழலு."

நிழலாம்! விளக்கு இருந்ததே அந்தக் கன்னத்துப் பக்கம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிற மனுஷன், சோற்றைப் போட என்னைக் கூப்பிடுகிறார். ஃபோனை வைத்தேன்.

ஒவ்வொரு லீவிலும் அவர்களை ஒரு படம் எடுப்பது வழக்கம். திருத்தாத பழைய படங்களைத் தேடித் திறந்து, எல்லாவற்றிலும் சிவப்பை இறக்கினேன். மூன்றில் அதே கன்னம், அதே தடம். அப்போதெல்லாம் வெயில் பட்ட கறுப்பு என்று நினைத்து நானே வழவழவென்று துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தான் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. கைராசியாம், தூ!

அக்காவை அழைத்தேன். "படத்துல உன் கன்னத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

அவள் அழவில்லை. "எத்தனை படத்துல இருக்கு?"

"நாலு."

"திருத்தாம, தேதியோட பிரிண்ட் போட்டு வை. காலையில முதல் பஸ்ஸுல வர்றேன். மகளிர் ஸ்டேஷனுக்கு நீயும் என்கூட வரணும்."