மானுக்கு எட்டாத வாடை

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் வேட்டைக் காலம் நெருங்கினால் வெர்லினின் அலப்பறை தாங்காது. வில்லின் நாணுக்கு மெழுகு தடவி, துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்த கையோடு, வீட்டில் வாசனைகளுக்கெல்லாம் தடை போட்டுவிடுவான். மானின் மூக்குக்கு எந்த வாடையும் எட்டக்கூடாதாம். மனைவி மார்லிஸ் ஒரு மாதமாக வாசனை சோப்பைத் தொடவில்லை, வெங்காயம் வதக்கவில்லை.

முதல் நாள் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான்.

"ஒரு மான்கூட கிட்ட வரல. நீ சென்ட் கிண்ட் அடிச்சியா?"

மார்லிஸ் அவன் சட்டையை முகர்ந்தாள்.

"காலையில எங்க சாப்பிட்ட?"

"வழக்கம்போல நம்ம பசங்களோட ஹோட்டல்லதான். பன்னிக்கறி வறுவலும் முட்டையும்."

"இந்த வேட்டைச் சட்டையோடவா?"

வெர்லின் மெதுவாகத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தான்.

மார்லிஸ் நாலு வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.