வெறும் வயிற்றுச் சர்க்கரை

குடவாசல் பக்கம் எங்களுக்குக் குத்தகை நிலம். அப்பா காலத்திலிருந்து உழுகிறோம். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். ஆட்சி மாறிய வருஷம் அவர் காரில் கொடியும் மாறியது. நிலத்தை விற்கப் போகிறேன், விட்டுவிடு என்றார். நான் விடவில்லை.

நட்டு வேர் பிடிக்காத பயிரில் டிராக்டரை இறக்கினார்கள். வரப்பில் ஆட்கள் கம்போடு நின்றார்கள். நான் மண்வெட்டியோடு போனேன். முதலில் வந்தவனுக்கு முழங்கை உடைந்தது. மட்டை முறிகிற சத்தம். அப்புறம் என் தலையில் அடி விழுந்தது. ரத்தம் கண்ணில் இறங்கிவிட்டது. அதற்குமேல் யாரை அடித்தேன், யார் என்னை அடித்தார்கள் என்று தெரியாது.

போலீஸ் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. தலையில் தையல் போட்டு, ஸ்டேஷனில் குப்புறப் படுக்கவைத்தார்கள். ஏட்டு உள்ளங்காலில் லத்தியால் அடித்தார். நான் சத்தம் போடவில்லை. வேறு யாரையோ அடிப்பதுபோல் இருந்தது.

"என்னடா, கட்டை மாதிரி கெடக்குறே? வலிக்கலையா?"

வலிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். திமிர் என்று எடுத்துக்கொண்டார். கை ஓயும்வரை அடித்தார்.

எனக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரி ஊசி போட்டுக்கொள்கிறவன். பாதம் ரெண்டும் மரத்துப்போய் வெகுகாலம். ஊரில் என் நெஞ்சழுத்தத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜாமீனில் வந்ததும் வயலில் இறங்கி, அழிந்த இடத்தில் நாற்று நட்டேன். குத்தகைக்காரன் தன் உடம்பால் பாடுபட வேண்டும், ஆளை மட்டும் விட்டுச் செய்தால் நிலத்துக்காகப் போட்ட கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்லியிருந்தார். தெற்குத்தெருவில் ஒருவருக்குச் சர்க்கரையில் காலை எடுத்தார்கள். அடுத்த போகத்தில் அவர் குத்தகை கைமாறிவிட்டது. கால் இருந்தால் நிலம் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

சாயங்காலம் என் மனைவி தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி, அடிபட்ட பாதத்துக்கு ஒத்தடம் கொடுப்பாள். சூடு போதுமா என்று கேட்பாள். சூடே இல்லை, இன்னும் வறு என்பேன். வறுத்துக்கொண்டு வருவாள். பாதத்தில் தோல் வெளுத்து உரிந்தது. நடவு நேரத்தில் எல்லாருக்கும் வருகிற சேற்றுப்புண் என்று மருதாணியை அரைத்துப் பூசினாள். மருதாணி சிவப்பில் வேறு எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் காலைச் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. மகள் வாங்கிக் கொடுத்த மெஷினில் மனைவிதான் பார்ப்பாள். வெறும் வயிற்றில் நூற்று முப்பது, நாற்பது என்று இருந்தது இருநூறைத் தாண்டியது. ராத்திரி படுக்கும்போது நன்றாக இருக்கும். விடிந்தால் ஏறியிருக்கும். நடுவில் பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை.

அவள் நம்பவில்லை. மெஷின் பொய் சொல்லுமா என்றாள். சோற்றுப்பானையைத் தூக்கி அண்ணன் வீட்டில் வைத்தாள். வாழைத்தாரை உள்ளே வைத்துப் பூட்டினாள். அப்படியும் முன்னூறு வந்த அன்று மெஷினைத் தரையில் அடித்தாள்.

"போலீஸ் அடிச்சே வாயத் தெறக்காத ஆளு. எங்கிட்ட மட்டும் தெறந்துருவீங்களா?"

பதிலுக்கு நான் செம்பை வீசினேன். கதவில் பட்டு நசுங்கியது. ரெண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், எழுந்திருக்க முடியாமல் உடம்பு கொதித்தபோது, அவளே கும்பகோணத்துக்குக் காரில் ஏற்றினாள். காரில் வரும்போதும் ராத்திரி என்ன தின்னீங்க என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எங்காவது அடிபட்டதா, புண் இருக்கிறதா என்று கேட்டார். வலி ஒன்றும் இல்லை என்றேன். காலை நீட்டச் சொல்லி மருதாணியைத் துடைத்தார். கட்டைவிரல் பக்கம் அமுக்கினார். சீழ் அவர் கைமேல் பீறியது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

உடம்பில் சீழ் இருந்தால் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும் என்றார் டாக்டர். ராத்திரி நாம் பட்டினி கிடந்தாலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்குமாம். அதை ஊசி மருந்துதான் அடக்குகிறதாம். உடம்பு புண்ணோடு சண்டை போடும்போது ஈரல் அதிகமாக விடும், மருந்தும் சரியாக வேலை செய்யாது என்றார். லத்தியடியில் உள்ளே கன்றி, தவிட்டுச் சூட்டில் வெந்து, சேற்றில் அழுகியிருக்கிறது.

"வயல்ல எறங்க முடியுங்களா?" என்றேன்.

"மொதல்ல கால் இருக்கட்டும்யா" என்றார்.

ரெண்டு விரலையும், அடியில் ஒரு கை சதையையும் எடுத்தார். ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். அறுத்த நாலாம் நாள் காலைச் சர்க்கரை இறங்கியது. மனைவி வந்து சொன்னாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பானை வீட்டுக்கு வந்துவிட்டது என்றாள்.

அடுத்த போகத்தில் களை எடுக்கிற நேரத்தில், நானே பாடுபடுகிறேனா என்று பார்க்கக் குத்தகைக் கேஸ் விசாரணைக்கு அதிகாரி வந்தார். புண் ஆறியிருந்தது. ஆனால் வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் வயலில் செருப்புக்காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். பயிரை மிதிக்கிறதுக்குச் சமம். நான் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கினேன். வரப்பில் நின்ற நிலத்துக்காரர் ஆட்கள் சிரித்தார்கள்.

"தொரை வர்றாரு, வழி விடுங்கப்பா" என்றான் முழங்கை உடைந்தவன். கை இன்னும் நேராகியிருக்கவில்லை.

பூட்ஸ் சேற்றில் கவ்விக்கொண்டு முகங்குப்புற விழுந்தேன். எழுந்தேன். களையைப் பிடுங்கி வரப்பில் எறிந்தேன். அவன் காலடியில் விழுந்தது. அதிகாரி போகிறவரை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.