பஸ்ஸுக்குப் பாவாடை கட்டிய நபீஸா

மருதமுனையில் ஓட்டோவுக்கு ஹூட் தைக்கிறவர் யாரென்று கேட்டால் நபீஸாவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "அவர் இரிக்காரா?" என்று கேட்பார்கள்.

"அவர் ஓட்டுறவர். தைக்கிறது நான். உள்ள வாங்க" என்பாள் நபீஸா. வந்தவரில் பாதிப்பேர் அதன்பிறகும் அவளுடைய கணவர் சப்ரியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது கோபத்தில். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாரி மழையில் சப்ரியின் ஓட்டோ ஹூட் முன்னிருந்து பின்வரை கிழிந்துபோனது. தைக்கக் கொடுத்த ஆள் மூன்று கிழமையாக "நாளைக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டோவுக்குள் ஏறுகிற சனம் உள்ளே இருந்தபடியே குடை விரித்தது. ஒருநாள் சப்ரி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்த நேரம், நபீஸா ஹூட்டைக் கழற்றி நடுவீட்டில் விரித்து, கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். ஜன்னல் சீலை தைக்கிற வீட்டு மெசினில் ஏழு ஊசி முறிந்தது. தைத்து முடித்த ஹூட் நாலு விரற்கடை கட்டை. ஓட்டோவில் மாட்டியபோது, பெரிய மனிதர் ஒருவர் சின்னப் பிள்ளையின் தொப்பியைப் போட்டது மாதிரி இருந்தது. சப்ரி ஒரு வருடம் அதோடேயே ஓடினார். யாரும் கேட்டால், "புது மொடல்" என்பார். அந்தப் பதிலுக்காகவே நபீஸா அவரை இன்றுவரை பல விஷயங்களில் மன்னித்து வருகிறாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஓட்டோ ஹூட், லொறித் தறப்பாள், வள்ளம் மூடுகிற படங்கு எல்லாம் தைப்பாள். அளவு நாடாவை அவள் முழுதாக நம்புவதில்லை. வெயிலில் ரெக்சின் எவ்வளவு இழுபடும் என்பது நாடாவுக்குத் தெரியாதாம்.

போன ஆடி மாதம் அவளுடைய வாசலில் 'ரோசா' என்கிற மொடல் பஸ் ஒன்று வந்து நின்றது. பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற பஸ்ஸிலிருந்து ஜெஸீமும் அவருடைய மனைவி றுக்ஸானாவும் இறங்கினார்கள். ஜெஸீம் முப்பது வருடம் கல்முனை–கொழும்பு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். றுக்ஸானா மருத்துவமாதுவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பிள்ளைகளை முதலில் தூக்கியவர் என்பதால் யாரையும் அதட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. இருவரும் பழைய பஸ்ஸை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, கட்டில், காஸ் அடுப்பு, சின்னதாக ஒரு குளியலறை எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக்கியிருந்தார்கள். இடப்பக்கக் கூரையோரம் நீளமாக ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் அதற்குள் சுருண்டிருக்கும் துணி வெளியே நீண்டு, இரண்டு கால் ஊன்றி, பந்தலாக நிற்கும்.

"மேல மறைப்பு இரிக்கி. சுத்திவர ஒண்டுமில்ல" என்றார் றுக்ஸானா. "போன கிழம பாலமுனைக் கடலுக்குப் போனம். நான் சோத்துப் பீங்கானத் தூக்கினா ரோட்டால போறவன் ஹோன் அடிச்சிச் சலாம் சொல்றான். காத்து வேற. சோறு பாதி, மண் பாதி. பஸ்ஸுக்குள்ள புழுங்கிச் சாகிறதா, வெளிய காட்சிக்கு இரிக்கிறதா, நீயே சொல்லுகா."

"பஸ்ஸக் கொஞ்சம் திருப்பி நிப்பாட்டினா அதுவே மறைக்கும்தானே, ராத்தா?" என்றாள் நபீஸா.

"அத இவரிட்டக் கேளு."

ஜெஸீம் தொண்டையைச் செருமினார். "முப்பது வருஷம் கண்ணாடிக்கு முன்னால ரோட்டத்தான் பாத்தன். இனி முன்கண்ணாடியால கடலத்தான் பாக்கணும். பஸ் கடலப் பாத்துத்தான் நிக்கும்."

நபீஸா பந்தலைச் சுற்றி நடந்தாள். சாண் வைத்துப் பார்த்தாள். மூன்று பக்கமும் அடைக்க மூன்று துண்டு. பந்தல் ஓரத்துப் பள்ளத்தில் கயிறு வைத்துத் தைத்த விளிம்பை நுழைத்தால் மேல்பக்கம் சரி. கீழே பித்தளை வளையம் அடித்து, மண்ணில் முளை இறக்கிக் கட்டினால் முடிந்தது. கையில் நல்ல கறுப்பு ரெக்சின் இருந்தது. ஐந்து நாளில் தைத்துவிட்டாள். தெருவில் ஒருவர் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குப் பாவாடையா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பாலமுனைக் கடற்கரையில் மாட்டிப் பார்க்க நபீஸாவும் சப்ரியும் கூடப் போனார்கள். மூன்று பக்கமும் அடைத்ததும் றுக்ஸானா ஆசையாக உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்தார். கொஞ்ச நேரத்தில், வெக்கை தாங்காமல் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"நபீஸா! இது இரிக்கிற இடமா, பாண் சுடுற போறணையா?"

பதில் சொல்ல நேரமிருக்கவில்லை. தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று எழும்பியது. பஸ்ஸின் பின்பக்கத்துத் துண்டு கர்ப்பிணியின் வயிறு போல ஊதியது. மண்ணில் இறக்கிய முளைகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பந்தலின் ஒரு கால் மேலே கிளம்ப, ஜெஸீம் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார். அவருடைய ஒரு செருப்பு மண்ணில் இருந்தது, கால் இருக்கவில்லை. சப்ரி ஜெஸீமின் இடுப்பைப் பிடித்தார். றுக்ஸானா கதிரையோடு வெளியே வந்து, கைப்பிடியைச் சுற்றிப் பந்தலை உள்ளே இழுத்தபிறகுதான் இருவரும் தரைக்கு வந்தார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நபீஸா சிரிக்கவில்லை. ரெக்சினை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டோவை நோக்கி நடந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் தைத்த எதுவும் அவள் கண்முன்னால் இப்படிப் பறந்ததில்லை. வழியில் கம்புகளில் மீன்வலை காயப் போட்டிருந்தார்கள். அதே காற்றுத்தான். வலை இலேசாக அசைந்துவிட்டுச் சும்மா நின்றது. அவள் நின்று பார்த்தாள். சப்ரி ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டு இரண்டுமுறை கூப்பிட்டார்.

"வாறன்" என்றாள். வரவில்லை. வலையில் கையை வைத்தாள். காற்று விரலிடுக்கால் வழிந்து போனது.

அடுத்த கிழமை அவள் வாங்கி வந்தது, மரக்கன்றுகளுக்கு நிழல் கட்டுகிற பச்சை வலை. கீழே முழங்கால் உயரத்துக்குத் தடித்த கன்வஸ். அதற்குமேல் இரட்டையாக மடித்த வலை. முளைக்குப் பதிலாக அடிவிளிம்பு நெடுகிலும் குழாய் மாதிரி ஒரு பை தைத்து, அதற்குள் கடற்கரை மண்ணையே நிரப்பிவிடலாம் என்று வைத்தாள். காற்று வலையால் புகுந்து போகும், மண்பை நகராது.

இந்தமுறை கோமாரிக்குப் போனார்கள்; பஸ்ஸுக்குப் பின்னால் சப்ரியின் ஓட்டோ. அங்கே கடலோரத்தில் மீன்பிடிக்கிற ஜீவராஜ் என்பவர் ஜெஸீமுக்குப் பழைய சிநேகிதர். பஸ் ஓட்டிய காலத்தில் ஏறியவர். அவருடைய தென்னங்காணியில் பஸ்ஸை நிறுத்தினார்கள், முகம் கடலைப் பார்க்க. நபீஸா துண்டுகளை மாட்டி, பைகளில் மண் நிரப்பி, உள்ளே போய் நின்றுகொண்டு சப்ரியைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள்.

"எத்தின விரல் காட்டுறன்?"

"விரலா? ஆளே தெரியா."

கச்சான் வந்தது. வலை சற்றே உப்பி, பெருமூச்சு விட்டதுபோல அடங்கியது. பந்தல் கால் அசையவில்லை. உள்ளே குளிர்ந்த காற்று மெல்லப் பரவியது. றுக்ஸானா காலை நீட்டிக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். அவர் வாயிலிருந்து அதை வாங்குவது இலேசான காரியமில்லை.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் திரும்பி வந்து நிறுத்தினார். "ஒட்டு மாங்கண்டு என்ன இனம் இருக்கு?" என்று வலையைப் பார்த்து, கன்று விற்கிற இடமென்று நினைத்துக் கேட்டார். ஜெஸீம் விளக்கப் பார்த்தார். அவர் நம்பவில்லை. "அப்ப தோடங்கண்டாவது இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்றதும் கோபித்துக்கொண்டு போனார்.

பொழுதுபட்டு மஃரிபு தொழுதபின் ஆண்கள் மணலிலேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜீவராஜின் மனைவி இராசாத்தி கொடுத்தனுப்பிய பாரை மீனைப் பெண்கள் இருவரும் உள்ளே பொரிக்கத் தொடங்கினார்கள். பந்தல் கம்பியில் லாம்பு தொங்கியது. நபீஸா அபாயாவைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்காஃபையும் எடுக்கலாமா என்று ஊசியில் கை வைத்த நேரம், வெளியேயிருந்து இராசாத்தியின் குரல் கேட்டது.

"அக்கா, மீனத் திருப்பிப் போடுங்க! அடிப்பிடிக்குது!"

றுக்ஸானாவின் கை அந்தரத்தில் நின்றது. "உனக்கெப்பிடித் தெரியும்?"

"தெரியுதே. நீங்க உப்புப் பாத்து முகம் சுளிச்சதும் தெரிஞ்சது."

"யா அல்லாஹ்!" றுக்ஸானா லாம்பை அணைத்தார். இருட்டில் மீன் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. "நபீஸா, நீ மறைப்புக் கட்டினியா, படம் காட்டத் திரை கட்டினியா?"

நபீஸா வெளியே ஓடினாள். லாம்பை ஏற்றச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். றுக்ஸானா, அடுப்பு, மீன், உப்புப் போத்தல் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோலத் தெரிந்தன. நல்லவேளை, ஆண்கள் கடலைப் பார்த்து இருந்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. உள்ளே தைரியமாக இருக்கவைத்து ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது. பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே நிழல், அதனால் மறைத்தது. இப்போது வெளிச்சம் உள்ளே இருக்கிறது. அவ்வளவுதானே?

"ராத்தா, அந்த லாம்ப இஞ்ச தாங்க."

லாம்பைக் கொண்டுவந்து வலைக்கு வெளியே, இரண்டு எட்டுத் தள்ளி ஒரு தென்னையில் கட்டினாள். இராசாத்தியைப் பார்க்கச் சொன்னாள்.

"இப்ப ஒண்டும் தெரியல்ல. பச்சைச் சுவர் மாதிரி இருக்கு."

உள்ளே வலையால் வடிந்த வெளிச்சம் மீனைத் திருப்பப் போதுமாக இருந்தது. நபீஸா இராசாத்தியையும் உள்ளே கூட்டிக்கொண்டாள். ஸ்காஃப் ஊசியைக் கழற்றினாள். கடல்பக்கத்து வலையால் காற்று வந்து பிடரியில் பட்டது. அவளுடைய வீட்டிலிருந்து கடலுக்கு ஆறு நிமிட நடை. ஆனால் கடற்கரையில் எப்போதும் ஆட்கள். கடல்காற்று அவளுடைய தலைமயிருக்குள் நுழைந்தது கலியாணத்துக்கு முன் என்றாவது இருந்திருக்கலாம்; ஞாபகமில்லை. மீன்துண்டை ஊதி ஊதித் தின்றாள்.

வெளிச்சத்தைக் கண்டு ஆண்கள் மூவரும் தென்னையடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் அவர்கள்தான் இப்போது படம். ஜெஸீம் எழும்பி, இடுப்பில் கை வைத்து, கழுத்தை வெட்டி, றுக்ஸானா கதைப்பதுபோலக் கதைத்துக் காட்டினார். சப்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

இராசாத்தி வாயைப் பொத்தினாள். "அக்கா, உங்களத்தான்."

"ஓம், பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்" என்றார் றுக்ஸானா. முள்ளை எடுத்துப் பீங்கான் ஓரத்தில் வைத்தார். "இடுப்பில வலக்கையயா வைக்கிறன் நான்? முப்பத்தஞ்சு வருஷமாப் பாத்தும் ஒழுங்காப் பழகல்ல." பிறகு குரலை உயர்த்தினார். "ஜெஸீம்! இடது கை!"

தென்னையடியில் மூவரும் அப்படியே உறைந்தார்கள். நபீஸா சிரித்தாள். புரையேறி, கண்ணீர் வந்து, இராசாத்தி முதுகில் தட்டிவிடும்வரை சிரித்தாள்.

மறுநாள் காலை பஸ் பொத்துவில் பக்கம் போகப் புறப்பட்டது. வீட்டில் இரண்டு ஹூட் வேலை காத்திருப்பதைச் சொல்லி, "நாம வீட்ட போவம்" என்றார் சப்ரி.

நபீஸா கடலைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள்.

"ஹூட்டுக்கு வாறவங்களிட்ட நாளைக்கு எண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.