பெருநாள் காலையில் என் எண்ணுக்கு வந்த அழைப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக் காலை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எண்ணெய்க் குளியல் முடித்து, புது ஜிப்பா போட்டுக்கொண்டு, இட்லியும் கோழிக் குழம்புமாக உட்கார்ந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். வாழ்த்துச் சொல்ல யாராவது கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுத்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவன் நான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்து மாளாது. அதனால் ஒரே ஒரு 'தீம்' செய்து வைத்திருந்தேன். ஒரே சட்டையைத் தைத்துவிட்டு ஆளுக்குத் தகுந்தபடி பித்தானை மட்டும் மாற்றுகிற மாதிரி. அதன் உள்ளே 'ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. கடைக்காரர் கடவுச்சொல் போட்டு உள்ளே போனால் நிறம், தொலைபேசி எண், வேலை நேரம், மேலே ஓடும் அறிவிப்பு எல்லாவற்றையும் அவரே மாற்றிக்கொள்ளலாம். "பாஸ், அந்தச் சிவப்பைக் கொஞ்சம் மஞ்சளாக்குங்க லா" என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உயிரை வாங்குகிறவர்களிடமிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த வழி அது. அந்தப் பக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சேமிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தானும் வைத்திருந்தேன். கன்னாபின்னாவென்று எதையாவது மாற்றிக் குழப்பிக்கொண்டால் அதை அழுத்தினால் போதும், எல்லாம் நான் முதன்முதலில் வைத்தபடி ஆகிவிடும். முதலில் நான் வைத்திருந்த தொலைபேசி எண் என்னுடையது. அழைப்பு சரியாகப் போகிறதா என்று பார்க்க ஏதாவது ஓர் எண் வேண்டுமே, கைக்கு வந்ததைப் போட்டேன். அது அப்படியே தங்கிவிட்டது.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் கிள்ளானில் இறுதிச் சடங்கு சேவை நடத்துகிற ஓர் அண்ணன். ஊரே வாழ்த்துச் சொல்லும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று அந்த வருஷம் அவருக்குத் தோன்றியிருக்கிறது. குத்துவிளக்குப் படம் போட்டு, 'எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்' என்று தளத்தின் மேலே ஓடவிட்டுவிட்டார். தீபாவளிக்கு முதல் நாள் மாலை அவருடைய மைத்துனர் கூப்பிட்டு, "உங்க வாடிக்கையாளருங்கல்லாம் இப்ப எங்க மாமா இருக்காங்க, வாழ்த்துறதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறிவிப்பை எங்கே போய் எடுப்பது என்று தெரியாமல் தடவிப் பார்த்து, கடைசியில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டார். வாழ்த்து போயிற்று. கூடவே அவருடைய எண்ணும் போய், அந்த இடத்தில் என் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. பெயரும் படங்களும் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை.

அன்று காலை எனக்குக் கேட்டது ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான். நடுத்தர வயதைத் தாண்டியவர் என்று தோன்றியது. பதற்றமே இல்லை.

"அண்ணே, சாமானெல்லாம் நீங்களே கொண்டாந்துருவீங்கதானே?"

"யாருங்க?"

"கிள்ளான் பண்டமாரான்லருந்து பேசறேன். வீட்டுக்காரரு காலையில தவறிட்டாரு. ரொம்ப நாளா படுக்கையிலதான் இருந்தாரு. கிளினிக் டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "வெப்சைட்டுல இந்த நம்பர்தான் இருந்துச்சு. எனக்கு வேற யாரையும் தெரியாதுண்ணே" என்றார். ஒரு கையால் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அண்ணனின் தளத்தில், எனக்குப் பிடித்த நீல நிறத்தில், கொட்டை எழுத்தில் என் எண்.

விஷயத்தை மனைவியிடம் சைகையில் சொன்னேன். அவள் தன் கைப்பேசியிலிருந்து அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. "கொஞ்சம் இருங்க அக்கா, பாஸைக் கூப்பிடறோம்" என்றேன். நான் அந்தக் கம்பெனி ஆள் என்றே அவர் நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

"போலீஸ் பாலாய்ல போய் தகனத்துக்குப் பெர்மிட் எடுக்கணுமாம், டாக்டர் சொன்னாரு. இவர இப்படித் தனியா விட்டுட்டு எப்படிண்ணே போறது?"

எனக்கு என்ன தெரியும்? சாவு வீட்டில் செருப்பை எங்கே விடுவது என்றுகூட மற்றவர்களைப் பார்த்துச் செய்கிற ஆள் நான். ஆனால் அண்ணனின் தளத்தில் 'வீட்டில் இறப்பு நேர்ந்தால்' என்று ஒரு பக்கம் இருந்தது நினைவுக்கு வந்தது. என் அலுவலகத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த பக்கம். அதைத் திறந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரி இதுதான்: 'முதலில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தனியாக எதையும் செய்ய வேண்டாம்.'



"ஆளு இல்லண்ணே. மகன் சிங்கப்பூர்லருந்து பஸ்ல வந்துக்கிட்டிருக்கான். தங்கச்சி காப்பார்ல இருக்கு. இப்ப சொன்னா அவங்களுக்கும் தீட்டு. பிள்ளைங்கல்லாம் புதுத்துணி போட்டிருக்கும். மத்தியானம் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

"பக்கத்து வீட்டுல?"

"அங்க ஓப்பன் ஹவுஸு. காலையிலருந்தே ஆளுங்க வராங்க. நல்ல நாளும் அதுவுமா நான் போய் எப்படிண்ணே அவங்க வாசல்ல நிக்கிறது?"

நம் நாட்டில் தீபாவளி அன்று முன்பின் தெரியாத மலாய்க்காரரும் சீனரும்கூட நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டு கேட்டும் திறந்துதான் இருந்திருக்கும். இந்த அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, செந்தூலில் இருக்கிற எவனோ ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போய்த் தட்டுங்க. நான் போனை வைக்க மாட்டேன்" என்றேன்.

"வேணாம்ண்ணே."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க கம்பெனியில அதான் ரூல். துணைக்கு ஆள் இருந்தாத்தான் வேன் வரும்" என்று ஒரே போடாகப் போட்டேன். அப்படி ஒரு ரூல் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

அவர் எழுந்திருப்பது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், கேட் திறக்கும் சத்தம், எங்கோ டிவியில் பாட்டு. பாட்டு நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு பெண் உற்சாகமாக, "வாங்கக்கா வாங்க! ஏன் வெளியவே நிக்கிறீங்க? வீட்டுல அண்ணனுக்கும் பலகாரம் எடுத்து வச்சிருக்கேன், போகும்போது கொண்டு போங்க" என்றாள். நான் கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். "இல்லம்மா... அவரு..." என்றார் அவர், அதற்கு மேல் வரவில்லை.

யாரோ டிவியை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் அவர் அழுதார். என் மனைவிக்கும் அது கேட்டது. அவளும் தட்டை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆண்குரல், "ஹலோ, நான் பக்கத்து வீடு. பாலாய்க்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன். வேன் எப்ப வரும் பாஸ்?" என்று கேட்டது. நல்ல வேளையாக அப்போதுதான் அண்ணனும் என் மனைவியின் அழைப்பை எடுத்தார்.

"விருந்தாளிங்க சத்தத்துல நீங்க கூப்பிட்டது கேக்கல தம்பி. அதுக்கு முன்னாடி காலையிலருந்து ஒரு போன்கூட வரல. பெருநாளும் அதுவுமா ஊருல யாருக்கும் ஒன்னும் ஆகல, நல்லதாப் போச்சுன்னு சந்தோஷமா இருந்தேன்" என்றார். நடந்ததைச் சொன்னேன். ஏன், எப்படி என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அட்ரஸ் சொல்லு" என்றார். வீடு நிறைய விருந்தாளிகளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். நான் தளத்தில் அவருடைய எண்ணைப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று அழைத்தும் பார்த்தேன். இட்லி ஆறிப்போயிருந்தது.

கருமக்கிரியை முடிந்தபின் அந்த அக்கா மறுபடியும் என் எண்ணுக்கே கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் பட்டுச்சேலையோடு வந்து அவர் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாளாம், மகன் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லையாம். விருந்துக்கு வந்தவர்களே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் வீட்டு வாசலில் போட்டார்களாம். "என்னைத்தான் திட்டிச்சு அந்தப் பொண்ணு. 'ஓப்பன் ஹவுஸுன்னா சாப்பிட மட்டும்தான் வரணுமா'ன்னு கேட்டுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. கம்பெனியில் விசாரித்தால் என்னை யாருக்கும் தெரியவில்லையே என்றார். ஆபீஸ் வேலை பார்க்கிறவன் என்று சொல்லிச் சமாளித்தேன். அவருடைய முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் 'தீமி'ல் இப்போது எண்ணுக்கான இடம் காலியாக இருக்கிறது. கடைக்காரர் தன் எண்ணைப் போடாமல் தளம் திறக்காது. அது வேலை சம்பந்தப்பட்டது, அரைநாளில் முடிந்துவிட்டது. முடியாதது வேறொன்று. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் மாடியில் இருக்கிற வீடுகளுக்குப் பலகாரம் கொண்டு போகும்போது, "எந்த நாளா இருந்தாலும், என்ன நேரமா இருந்தாலும் எங்க கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறேன். சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் எனக்கே ஒரு நல்ல நாளில் அப்படி ஒன்று நேர்ந்தால் நான் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், இத்தனை வருஷமாகியும் தட்டுவேன் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.